மூன்று மாதம், இரண்டு கிலோ

அன்பு நண்பா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். "மூணு மாசமா வாயைக் கட்டி, விடியலில் எழுந்து நடந்து, குறைஞ்சது ரெண்டே கிலோ. இதுக்கா இவ்வளவு பாடு?" என்று எழுதியிருக்கிறாய். விட்டுவிடப் போகிறாயோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அதனால் வீட்டுச் சேதிகளைப் பின்னால் வைத்துக்கொண்டு இதை முதலில் எழுதுகிறேன்.

நீ போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். தினமும் 300 கலோரி குறைக்கிறாய். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியானால் 90 நாளில் மூன்றரை கிலோ இறங்கியிருக்க வேண்டும் என்கிறாய். பலரும் போடுகிற கணக்குதான், ஆனால் உடம்பு அப்படி நடப்பதில்லை. எடை குறையக் குறைய அது செலவழிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே வரும். 86 கிலோ உடம்பு ஒரு மைல் நடக்க எரிப்பதைவிட 84 கிலோ உடம்பு கொஞ்சம் குறைவாகத்தான் எரிக்கும். கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் இதைக் கணித்து எழுதினார்கள். தினசரி உணவில் நிரந்தரமாக 10 கலோரி குறைத்தால், முடிவில் சுமார் அரை கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஒரு வருஷம் ஆகும். ஏறக்குறைய முழுதும் குறைய மூன்று வருஷம். உன் 300 கலோரிக்கு இதைப் போட்டுப் பார். மொத்தம் 13, 14 கிலோ. முதல் வருஷத்தில் ஆறேழு. முதல் மூன்று மாதத்தில்? இரண்டு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. ஆளுக்கு ஆள் மாறும்தான், ஆனால் நீ எங்கேயும் பின்தங்கவில்லை. போக வேண்டிய வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறாய்.

முதல் வாரம் மளமளவென்று இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது என்றாயே, அதற்கும் காரணம் உண்டு. உடம்பு கிளைகோஜன் என்று ஒருவகை மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் தீர்வது அதுதான். தண்ணீர் போய்விடும், தராசு மகிழ்ச்சி தரும். கொழுப்பு அதற்குப் பிறகு நிதானமாகத்தான் கரையும். உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் தண்ணீரால்தான். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு யாருக்கும் சேராது. தினமும் எடை பார்ப்பதானால் பார், ஆனால் ஏழு நாள் எடையையும் கூட்டிச் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடு.

சரி, இதைவிட முக்கியமான ஒன்று. கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லும்போது, மூன்றாம் மாடிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் இதே படியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீ மூச்சு வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். இது எப்படி உனக்குப் பெரிய விஷயமாகத் தெரியாமல் போனது?

உனக்குச் சர்க்கரை நோய் விளிம்பில் நிற்கிறது என்பதால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன். உன்னைப் போல் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2002-ல் வெளிவந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பு, இவ்வளவுதான் இலக்கு. இந்த இலக்கோடு முயன்றவர்கள் சராசரியாகக் குறைத்தது சுமார் ஐந்தரை கிலோ. ஆனாலும் அப்படி முயலாதவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரை நோய் வருவது அவர்களிடையே 58 சதவீதம் குறைந்தது. உனக்கு 7 சதவீதம் என்றால் ஆறு கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிட்டாய்.

ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தப் போகிறேன் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடு. அவசரமாகக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கூடவே போகும். பசியும் சும்மா இருக்காது. எடை குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். மன உறுதியால் மட்டும் அதை ரொம்ப நாள் எதிர்க்க முடியாது. நடை போதவில்லை என்று ஓடத் தொடங்கி முழங்கால் வலிக்கிறது என்கிறாய். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவை. மூச்சும் தசையும் தேறுகிற வேகத்தில், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் தேறாது. அதற்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி செய். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போதும். தொடக்கத்தில் பலம் கூடும், ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள்தான் முதலில் பழகும், தசை பருக்க இன்னும் மாதங்கள் ஆகும்.

இனி வீட்டுச் சேதி. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். மனைவிக்குத் தோள்பட்டை இறுகிப்போய் பிசியோதெரபி நடக்கிறது. குணமாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவோரச் சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும், அதுதான் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வருகிறாள். சில வாரம் புதுக் கோடே விழாது. ஆனால் நேற்று தலையைத் தானே பின்னிக்கொண்டாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்ன என்று தெரிந்ததும் எனக்கு எழுது. இடுப்பளவையும் சேர்த்து எழுது, இப்போதே நூல்நாடா எடுத்து அளந்து குறித்துவை. முழங்கால் வலி இரண்டு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரைப் பார்க்காமல் இருக்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்