எங்களை எடை போட்டது போதும், விமானத்தை எடை போடுங்கள்

நம் டெக்சஸ் விமானக் குழுவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். குழுவில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் சந்தா ரசீது கேட்டோ ஹேங்கர் சாவி கேட்டோதான். விமானத்தை எடை போடுங்கள் என்று மூன்று முறை தனியாகக் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் எல்லா உறுப்பினர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். தலைவர் அண்ணா வருத்தப்பட வேண்டாம்.

ஜூலை மாதச் சனிக்கிழமை மதியம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வெயில் 38 டிகிரி. நானும், குழுவில் எல்லோருக்கும் இளையவனான தம்பியும் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். வழக்கம்போல் கணக்குப் போட்டுத்தான் ஏறினோம். விமானத்தின் காலி எடை, நீங்கள் கொடுத்த தாளின்படி, 1,046 பவுண்டு. நாங்கள் இருவரும் 383. பெட்ரோல் 135, ஆயில் 11, பை 10. மொத்தம் 1,585. நம் இரண்டு இருக்கை செஸ்னா 150க்கு வரம்பு 1,600. பதினைந்து பவுண்டு மிச்சம் இருந்தது, தாளில்.

ஓடுபாதை முடிந்து வேலியைத் தாண்டும்போது, ஏறும் வேகத்தைக் காட்டும் ஊசி 200ஐத் தொடவில்லை. அந்த வெயிலுக்கும் கழித்துக்கொண்டு கையேட்டின்படி கணக்குப் போட்டாலும் நிமிடத்துக்கு 450 அடியாவது வர வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த புறாக்களை எண்ணியிருக்கலாம், அவ்வளவு கிட்டத்தில் தாண்டினோம். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிய பிறகுதான் அவன் கை இருக்கையின் விளிம்பை விட்டது.

அதற்கு நீங்கள் செய்தது என்ன? ஹேங்கர் வாசலில் ஒரு குளியலறைத் தராசு வாங்கி வைத்தீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. பறக்க வருகிறவர் ஒவ்வொருவரும் ஏறி நின்று எடையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருவர் எடை 360 பவுண்டைத் தாண்டினால் அரை டேங்குக்கு மேல் கிடையாது. எஞ்சின் கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னீர்கள், சரியாக இருந்தது. புரொப்பல்லரைப் பார்த்தார்கள், அதுவும் சரி. எங்கள் எல்லோரையும் எடை போட்டாயிற்று. விமானத்தை மட்டும் யாரும் எடை போடவில்லை.

இந்த விதியின் சுமை முழுக்க அந்தத் தம்பியின் தலையில் விழுந்தது. அவன் 205 பவுண்டு. நல்ல உயரம், பெரிய எலும்பு. லைசன்ஸ் தேர்வுக்கு முன்னால் 190க்கு இறங்கச் சொன்னீர்கள். மூன்று வாரம் அவன் பகலில் மோரும் வெள்ளரிக்காயுமாக இருந்தான். காலையில் ஒரு இட்லிகூடச் சாப்பிடாமல் வருவான். ஒருநாள் பறப்பதற்கு முன் இறக்கைக்கு அடியில் குனிந்து சோதனைக்குக் கொஞ்சம் பெட்ரோல் எடுத்தவன், நிமிரும்போது தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கையிலிருந்த சின்னக் குப்பியில் நீல நிறப் பெட்ரோல் அலம்பிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லண்ணா, தலை சுத்துச்சு" என்றான். தலை சுற்றுகிற ஒருவனை விமானத்தில் ஏற்றுவதா நாம் கண்ட பாதுகாப்பு? அன்று நான் அவனைப் பறக்க விடவில்லை. காரில் கூட்டிக்கொண்டு போய்த் தோசை வாங்கிக் கொடுத்தேன். அவன் முதலில் கேட்டது, "இதுல எத்தனை பவுண்டு ஏறும்ணா?"

அரை டேங்கில், இரவில் கையிருப்பாக வைக்க வேண்டிய 45 நிமிடப் பெட்ரோல் போக, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பறக்க முடியும். அவனுடைய இரவுப் பயணத்தில் பெட்ரோலுக்காகவே ஆளில்லாத ஓர் ஊரில் இறங்க வேண்டியிருந்தது. எடைக்குப் பயந்து பெட்ரோலைக் குறைப்பது ஓர் ஆபத்தை இறக்கி வைத்துவிட்டு இன்னோர் ஆபத்தை ஏற்றிக்கொள்வதுதான்.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் அவசர டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி மாற்ற, மெக்கானிக் சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் தட்டியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். வால் பக்கம் முழுக்கக் குளவிக்கூடுகள், மண்கட்டிகளாக. சத்தம் குறைக்க ஒட்டிய பஞ்சு மழைத்தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்தது. பிழிந்தால் சொட்டியது. பக்கவாட்டில், எதிலும் இணைக்கப்படாத ஒரு பழைய ஒயர்க்கட்டு. ஏ.டி.எஃப். என்ற பழைய திசைகாட்டும் ரேடியோ கருவியைக் கழற்றியபோது பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஒயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். மெக்கானிக் அதை வெட்டி எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு என் காரில் இருந்தது. அதில் மாட்டினேன். ஆறரைப் பவுண்டு. ஈரப் பஞ்சு நாலரை. அந்தப் பதினைந்தில் பதினொன்று அங்கேயே போயிற்று.

வீட்டுக்கு வந்து எடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். விமானம் கடைசியாகத் தராசில் ஏறியது 1991இல். அன்று 1,058. அதற்குப் பிறகு பதினான்கு வரிகள், எல்லாம் கையால் எழுதிய கூட்டலும் கழித்தலும். ஏ.டி.எஃப். கழற்றிய வரியில் கருவி, ஆன்டெனா, ஒயர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டியல் எடையைக் கழித்திருக்கிறார்கள். ஒயரோ விமானத்திலேயே இருந்தது! 2009இல் பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது வர்ணம் அடித்தார்கள். அதற்கு வரியே இல்லை. 2016இல் தோல் இருக்கை போட்டோம், "மாற்றம் புறக்கணிக்கத்தக்கது" என்று ஒரு வரி. இப்படிக் கூட்டிக் கழித்து 1966இல் செய்த விமானம் 1991ஐவிடப் பன்னிரண்டு பவுண்டு இளைத்துவிட்டதாகத் தாள் சொல்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தச் சுரைக்காயை நம்பித்தான் நாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கிறோம்.

யாரும் திருடவில்லை, யாரும் பொய் எழுதவில்லை. நம் அளவு விமானத்தில் ஒரு பவுண்டு வரையிலான மாற்றத்தைப் புறக்கணிக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டியே சொல்கிறது. அறுபது வருடம் புறக்கணித்தால் என்ன ஆகும்? ஒட்டுப்போட்ட தகடு, கனமான டயர், புதுக் கம்பளம், வால்பக்கத்து மண். அதிலும் வாலில் சேரும் ஒரு பவுண்டு, இருக்கையில் சேரும் ஒரு பவுண்டைப் போன்றது அல்ல. ஈர்ப்பு மையத்தை, அதாவது மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளியை, பின்னால் இழுக்கும். அது பின்னால் போகப்போக, விமானம் சுழன்று விழத் தொடங்கினால் மீள்வது கடினம். எடை பத்து சதவீதம் கூடினால் மேலேறத் தேவைப்படும் தூரம் இருபது சதவீதம் கூடும். டெக்சஸ் வெயில் அதற்கு மேல்.

ஜூலையில் நடந்ததற்கு முழுக் காரணமும் எடைதான் என்று நான் சொல்லவில்லை. வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கலாம். எடை போட்டால்தானே தெரியும்? அதைத்தான் மூன்று முறை கேட்டேன்.

"விதி கட்டாயப்படுத்தவில்லை" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். வாடகைக்கு ஆள் ஏற்றும் பல எஞ்சின் விமானத்துக்கு 36 மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற சொந்த விமானத்துக்கு அப்படிக் கெடு இல்லை. ஆனால் 2003 ஜனவரி 8 அன்று ஷார்லட் நகரில் விழுந்த பீச்கிராஃப்ட் 1900 என்ற சிறு பயணி விமானத்தில் 21 பேர் இறந்தார்கள். மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற தகட்டின் கேபிளைத் தப்பாகப் பொருத்தியது முதல் காரணம். எடையும் ஈர்ப்பு மையமும் தாளில் சரியாக இருந்தும் உண்மையில் வரம்பைத் தாண்டியிருந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. விமானிகள் விதிப்படி, சராசரிப் பயணி எடையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சராசரியை உயர்த்தினார்கள்.

நம் வீடுகளில் ஊருக்குப் போகும் முன்தினம் என்ன பாடுபடுகிறோம்! 23 கிலோவுக்கு மேல் 200 கிராம் போனால் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை வெளியே எடுக்கிறோம். அவ்வளவு கவனம் நமக்கு உண்டு. புது ஐபேடு, குழுச் சட்டை, பொங்கல் விருந்து எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. மூன்று சக்கரத்துக்கும் அடியில் வைக்கும் தராசை ஒருநாள் வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை என்றால் என்னால் ஏற்க முடியவில்லை. கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். அந்தத் தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அக்டோபரில் வருடாந்திரச் சோதனைக்கு விமானம் எப்படியும் நிற்கப்போகிறது, தட்டிகள் எல்லாம் திறந்துதான் இருக்கும். குளவிக்கூட்டையும் ஊறிய பஞ்சையும் எடுத்து, பெட்ரோலை வடித்து, காற்றுப் படாமல் ஹேங்கர் கதவைச் சாத்தி, மட்டம் பார்த்து நிறுத்தித் தராசில் ஏற்றுங்கள். அரைநாள் வேலை. மெக்கானிக் சம்மதித்துவிட்டார். தராசு வாடகையை நான் தருகிறேன், குழுக் கணக்கில் எழுத வேண்டாம். வருகிற எண் எதுவானாலும் அதை அப்படியே தாளில் ஏற்றுங்கள்.

அதுவரை 360 பவுண்டு விதியை நிறுத்தி வையுங்கள். எடை தெரியும்வரை யாரும் இருவராகப் பறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் முதலில் கட்டுப்படுகிறேன். தம்பியின் தேர்வு நவம்பர் முதல் வாரம். அவனிடம் நீங்களே பேசி, சாப்பிடச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினன்