துணை நின்ற எல்லோருக்கும், ராத்திரி ஷிப்ட் ஆயாம்மாவுக்கும்

குறைமாதத்தில் பிறந்த பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வார்டு ஆயாம்மாவுக்கு. பிள்ளை கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், நான் மாடியில். "பால் எடுத்து அனுப்புங்கம்மா, அதுதான் அவளுக்கு மருந்து" என்றார்கள். சப்புவதற்குப் பிள்ளையே பக்கத்தில் இல்லாதபோது பாலை எப்படி எடுப்பது? தாய்ப்பாலின் பெருமை சுவர் முழுக்க ஒட்டியிருந்தது, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எந்தச் சுவரிலும் பதில் இல்லை. அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்த ஆயாம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். "காம்பைப் பிடிச்சு இழுக்காத தாயி, வலிதான் மிஞ்சும். கருப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் வெளிய விரலை வச்சு நெஞ்சுப் பக்கமா அமுக்கு, அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அழுத்தி விடு" என்று என் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தார். மஞ்சளாக, கெட்டியாகச் சில சொட்டுகள் வந்தன. பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தின் அடிகூட நனையவில்லையே என்றேன். "இப்ப இது போதும், எடுக்க எடுக்கத்தான் ஊறும், ராத்திரியிலயும் விடாத" என்றார், சொன்னதோடு நிற்காமல் ராத்திரி ராத்திரி வந்து எழுப்பியும் விட்டார்.

சீம்பால் ஆகாது, கறந்து கீழே ஊற்றிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். என் அத்தையும் அதையே சொன்னார். ஆயாம்மா சண்டை போடவில்லை. "ஏன்க்கா, கன்னு போட்ட மாட்டோட சீம்பாலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சித் திங்கிறோம்ல, நம்ம பிள்ளைக்கு வந்ததை மட்டும் எதுக்குக் கீழ ஊத்தணும்?" என்று கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வேளையிலிருந்து பாலாடையை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கியது என் அத்தைதான். குறைமாதப் பிள்ளையின் குடலில் நோய் இறங்காமல் காக்க அந்தச் சீம்பால் எவ்வளவு முக்கியம் என்று டாக்டர் பின்னால் விளக்கியபோது, அத்தை என்னைவிடக் கவனமாகக் கேட்டார்.

அப்புறம், பாப்பாவை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைப் பொறுமையாகப் பழக்கிய நர்ஸ்கள், நேரம் பார்க்காமல் வந்த ஆட்டோ அண்ணன், சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, என் பால் பத்தாத நாட்களில் தாய்ப்பால் வங்கி வழியாக என் மகளுக்குப் பால் கொடுத்த, முகம் தெரியாத அம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி. உங்கள் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பத்திரப்படுத்தித்தான் கொடுப்பார்கள் என்று அங்கே சொன்னார்கள். யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தை என் பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள், அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பால் தானம் கொடுக்க எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், சரி என்று வந்தால் அங்கே நிச்சயம் போவேன். கையால் பால் எடுக்கும் இந்தப் பழக்கத்தைப் பிரசவத்துக்கு முன்பே ஒவ்வொரு பெண்ணுக்கும் யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டில் நிறைமாதமாக யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.