‘பொய்’ ஏமாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஜப்பானியக் கோடைத் திருவிழாக்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் தங்கமீன் அள்ளும் விளையாட்டை, கிழிந்துபோகும் காகிதத்தைக் கொடுத்துக் குழந்தைகளின் காசைப் பறிக்கும் தந்திரம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதை, நாரா மாகாணத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என்னால் ஏற்க முடியவில்லை.

வளையத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய அந்தக் கரண்டிக்கு அங்கே ‘பொய்’ என்று பெயர். (பெயரே கட்டுரையாளர் பக்கம் சாட்சி சொல்கிறதே என்று என் மகள் சிரிப்பாள்.) காகிதம் கிழிவது ஒளித்துவைத்த சூது அல்ல, எல்லோருக்கும் தெரிந்த விதி. புதிதாக விளையாடுபவர்கள் மீனைத் துரத்திப் பிடித்துக் கரண்டியை நேராக மேலே தூக்குவார்கள். தண்ணீரின் கனம் தாங்காமல் காகிதம் நடுவில் பொத்துக்கொள்ளும். எங்கள் தெருக் கோயில் விழாவில் கடை போட்டிருந்த முதியவர் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்த முறை வேறு. பாதி நனைந்து பாதி உலர்ந்திருந்தால் ஈரம் நிற்கும் கோட்டிலேயே கிழியும் என்பதால் காகிதம் முழுவதையும் ஒரே தடவையில் நனைத்துவிட வேண்டும். பிறகு கரண்டியைச் சாய்த்து நீருக்குள் செலுத்தி, மேலே வந்து நீந்தும் மீனைத் தலைப்பக்கமாக ஏந்தி, துடிக்கும் வால் காகிதத்தில் படாதபடி கிண்ணத்துக்குள் நழுவவிட வேண்டும்.

அதே மாகாணத்தின் யமாதோகோரியாமா நகரில் 1995 முதல் இதற்கென்றே தேசியப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு 3 நிமிடம். 1724-இல் யனாகிசாவா பிரபு அவ்வூருக்கு மாற்றலாகி வந்தபோது உடன் வந்ததாகச் சொல்லப்படும் தங்கமீன் வளர்ப்பு, பின்னாளில் வருமானம் போதாத சாமுராய்க் குடும்பங்களின் உபதொழிலாகி இன்றுவரை நீடிக்கிறது.

தக்கைத் துப்பாக்கியால் பரிசுப்பொருளைச் சுட்டு வீழ்த்துவதும், சர்க்கரைத் தகட்டிலிருந்து உருவத்தை உடையாமல் ஊசியால் பெயர்த்தெடுப்பதும் இப்படிக் கைப்பழக்கம் கேட்பவையே. ஏமாற்று என்ற சொல் பொருந்துமானால் அது சீட்டு இழுக்கும் கடைகளில் சிலவற்றுக்குத்தான்: 2013-இல் ஒசாகாவில், பெரிய பரிசுக்கான சீட்டையே வைக்காமல் கடை நடத்தியதாக ஒருவர் கைதானார்.

கட்டுரையாளர் உண்மையில் கண்டிக்க வேண்டியது வேறொன்று உண்டு. முதல் ஆண்டு வேறொரு கடையில் மூன்று மீன்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்தவர்கள், எப்படி வளர்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினோம். அதிலிருந்த குளோரினால் இரண்டே நாளில் மூன்றும் மிதந்தன. தண்ணீரை ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றச் சொன்னவரும் மேற்சொன்ன முதியவர்தான். அவரிடம் மறு ஆண்டு அள்ளிய ஒற்றை மீனை, நாங்கள் ஊர் திரும்பும் நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.