எண்ணூரில் 25 நிமிட வெளிச்சம்: கேமரா வாங்கப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வியாசர்பாடியிலிருந்து நீ எழுதியது வந்து சேர்ந்தது. தவணையில் கேமரா எடுக்கலாமா, எந்த லென்ஸ் நல்லது, அது வரும்வரை விடியற்காலையில் வெறும் ஃபோனோடு போய் என்ன பயன் என்று கேட்டிருந்தாய். தவணையைத் தள்ளிப்போடு. இருக்கிற ஃபோனோடு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பு. நம் கடற்கரையில் நல்ல வெளிச்சம் ரொம்பக் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் எங்கே நிற்பது என்று பழகிவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் என்பார்கள். அவர்கள் ஊரில் அது சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் (டிகிரியில்). இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும்; ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. அடிவானத்திலிருந்து 6 பாகை தாண்டியதும் மஞ்சள் போய் வெள்ளை வந்துவிடும். கணக்குப் போட்டால் 25 நிமிடம். ஒரு மணி நேரம் கழித்து 14 பாகை உயரத்தில் நின்று மணலில் பளீரென்று அடிக்கும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் உதயம் சுமார் 5.42, ஜனவரிக் கடைசியில் சுமார் 6.35. எந்த மாதமானாலும் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே இடத்தில் இரு. வானத்தின் சிவப்பும் ஊதாவும் சூரியன் வரும் முன்பே வந்து போய்விடும்.

இடம் எது என்றால், எண்ணூர் முகத்துவாரப் பாலம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து கடலுக்குப் போகும் வாய் அது. கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. பாலம் ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுவதுதான் அதன் அருமை. உதயம் வரை கிழக்குப் பக்கம் நின்று படகுகளையும் வலை வீசுபவர்களையும் நிழலுருவமாக எடுக்கலாம். உதயம் ஆகி ஐந்து நிமிடம் கழித்து மேற்குப் பக்கம் மாறிவிடு. இப்போது சூரியன் உன் முதுகில். எதிரே சேற்றுத் திட்டும் கண்டல் (அலையாத்தி) செடிகளும் பறவைகளும் முழு வெளிச்சத்தில். புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழக்கையே பார்த்து நின்று, கருத்த பறவைகளையும் வெளுத்த வானத்தையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கண்டெய்னர் லாரி போகும் ரோடு, பார்த்துக் கட. கைப்பிடிச் சுவரில் ஃபோனை ஊன்றி எடுக்கும்போது லாரி வந்தால் பாலத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். அது தாண்டும்வரை பொறுத்து எடு.

கடலைப் பார்த்து நின்றால் ஜூனில் சூரியன் இடது பக்கமும் டிசம்பரில் வலது பக்கமும் எழும். இரண்டுக்கும் நடுவே 48 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாணுக்கு 20 பாகை என்று வைத்துக்கொள். இரண்டரைச் சாண் தூரம் அது நகர்கிறது. போன மாதம் படகுக்கு நேர் பின்னால் வந்த சூரியன் இந்த மாதம் அங்கே வராது.

அடுத்தது ஏற்றவற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கடலில் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஃபோனில் ஏற்றவற்ற அட்டவணை பார்த்து, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நீர் அடிமட்டத்துக்கு வரும் நாளைப் பிடி. அப்போது சேறு வெளியே தெரியும், உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் இறங்கி மேயும். வெளிச்சம் வரும் நேரத்தில் நீர் ஏறத் தொடங்கும். சேறு சுருங்கச் சுருங்கப் பறவைகள் தாமாகவே கரைப் பக்கம் நகர்ந்து வரும், நீ ஓரடி வைக்க வேண்டியதில்லை. அட்டவணையில் இருப்பது கடலின் நேரம். முகத்துவாரத்துக்கு உள்ளே கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும்.

காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பறவைப் படத்துக்கு அது உயிர். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். கோடைக் காலையில் மேற்கிலிருந்து கச்சான் வீசினால், சூரியனை முதுகில் வைத்து நிற்கும் உனக்குப் பறவையின் வால்தான் கிடைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். காற்றும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே திசை என்பதால் பறவை முகத்தைத் திருப்பி உன்னை நோக்கி வரும், கண்ணில் சூரியப் பொட்டு விழும். வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களும் இவைதான். வருஷத்தில் எப்போதாவது கேமரா வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் டிசம்பரில் எடு.

இப்போது ஃபோன். முதலில் லென்ஸைத் துடை. விரல் பிசுக்கு பகலில் தெரியாது. சூரியனுக்கு எதிரே நீட்டினால் படம் முழுக்கப் பால் கலந்தாற்போல வெளுக்கும். அடுத்து, புரோ மோடில் வெள்ளைச் சமநிலையை 5500-இல் பூட்டு. தானியங்கியில் விட்டால் விடியலின் ஆரஞ்சை ஃபோன் ஒரு குறையாக நினைத்துச் சரிசெய்து சாம்பலாக்கிவிடும். திரையில் வானத்தின் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒரு ஸ்டாப் குறை, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கு. விரலால் பெரிதாக்காதே. உன் ஃபோனில் தூரத்தைக் கிட்டே காட்டும் தனி டெலி லென்ஸ் இருந்தால் அது எத்தனை மடங்கோ அதோடு நிறுத்து. நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கூழைக்கடாவை ஃபோனில் துரத்துவது வீண். அதைச் சின்னதாக, விரிந்த நீருக்கு நடுவே ஒரு புள்ளியாக வை.

ஃபோன் ஜெயிக்கும் இடம் தரை. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் மணலில் அடும்புக் கொடி படர்ந்திருக்கும். இலை மான் குளம்பு போலப் பிளந்திருக்கும். ஊதா கலந்த ரோஸ் பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் வாடத் தொடங்கும். வெயில் நேராக விழுந்தால் இதழின் நிறம் கரைந்து போகும். உன் உடம்பால் நிழல் கொடுத்து எடுத்தால் புனலின் அடியில் இருக்கும் கருஞ்சிவப்பு வரை தெரியும்.

நண்டுக்கு வேறு வழி. மணலில் கட்டை விரல் நுழையும் வளையாகப் பார்த்து, ஈர மணல் புதிதாக வெளியே எறியப்பட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அறிந்துகொள். இரண்டு மீட்டர் தள்ளி, உன் நிழல் வளைமேல் விழாதபடி படு. ஃபோனைத் தலைகீழாகப் பிடி. லென்ஸ் மணலிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் அசையாதே. முதலில் குச்சி போன்ற இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கும். அப்போது எடுத்தால் உள்ளே போய்விடும். பாதி உடம்பு வெளியே வந்து, கொடுக்கில் மணலை அள்ளி வீசும்வரை பொறு. தொடர் படமாக எடுத்தால் அந்த மணல் காற்றில் நிற்பது பத்தில் ஒன்றில் கிடைக்கும்.

மூன்று மாதம் இப்படிப் போன பிறகும் பறவைதான் வேண்டும் என்று தோன்றினால், பழைய கேமரா ஒன்றும் 55-250 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். வாங்கும்போது லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரத்தில் அது பரவும், விட்டுவிடு. நிற்கும் பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு, பறப்பதற்கு 2000-இல் ஒரு பங்கு ஷட்டர். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தானியங்கியில் வைத்து 6400-க்கு மேல் போகாமல் கட்டு. கரிய நீருக்கு முன்னால் வெண்கொக்கு நின்றால் 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறை. இல்லாவிட்டால் கேமரா கறுத்த நீரைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும். கொக்கின் இறகு சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே.

பையில் ஒரு துண்டு, இரண்டு ஜிப் கவர், அரை லிட்டர் தண்ணீர், ஆதார் நகல், கொஞ்சம் சில்லறை நோட்டு. துண்டு ரொம்ப முக்கியம்: கேமராவைச் சுற்றலாம், மடித்துப் பாறைமேல் போட்டால் முக்காலிக்குப் பதில் அதன்மேல் ஊன்றலாம். காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ. செருப்பு சேற்றில் கழன்றுகொள்ளும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு மேலே இறுகினாற்போல் தெரிந்தாலும் கால் உள்ளே போகும், இறங்காதே. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளில் பச்சைப் பாசி இருக்கும் வரிசைக்குக் கீழே போகாதே.

ஏசி அறையில் படுப்பவனாக இருந்தால் கருவியை இரவே வெளி அறையில் வை. குளிர்ந்த கண்ணாடி கடற்காற்றைத் தொட்டதும் வேர்க்கும், தெளிய 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் வெளிச்சம் போயிருக்கும். மறந்துவிட்டால் ஜிப் கவருக்குள் மூடியபடியே கொண்டுபோ. நீர்த்துளி கவரின்மேல் கோக்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊது. மணல் இருக்கும்போது துடைத்தால் கீறல்தான். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடை. வெறும் துணி உப்பைத் தேய்த்துப் பரப்பும்.

பறவையை நோக்கி நேராக நடக்காதே, சாய்வாக நட. மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் நில். மறுபடி குனிந்த பிறகு அடுத்த அடி. ஆள்காட்டிக் குருவிக்குப் பெயரே ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான். அது கத்தினால் சுற்றியுள்ள எல்லாப் பறவைக்கும் நீ வந்தது தெரிந்துவிடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அது உன் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக் கத்தினால் அருகில் வெறும் தரையில் முட்டை இருக்கிறது. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. வந்த தடத்திலேயே, காலடியைப் பார்த்துக்கொண்டு திரும்பு. அங்கே எடுக்க வேண்டிய படம் எதுவும் இல்லை.

புகைபோக்கி படத்தில் விழுகிறதே, வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வெட்டாதே. கூழைக்கடாவும் புகைபோக்கியும் ஒரே நீரில்தான் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்த முகத்துவாரத்தில் பரவி, கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. அதற்கு முந்தைய மாதங்களில் தேதியோடு, ஒரே இடத்திலிருந்து எடுத்து வைத்த படம் ஒவ்வொன்றுக்கும் இன்று மதிப்பு இருக்கிறது. அதனால் பாலத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்திலிருந்து மேற்கே ஒரு படம் எடு. தேதி, ஏற்றவற்றம், காற்று மூன்றையும் குறித்து வை. அந்தப் படத்தில் நிறத்தைத் தொடாதே. துறைமுகம், மின்நிலையம் இவற்றின் வாயிலையும் காவலையும் மட்டும் நோக்கிப் பிடிக்காதே.

மற்ற இடங்கள் சுருக்கமாக. புழல் ஏரிக்குக் கிழக்குக் கரைதான், சூரியன் முதுகில் இருக்கும்; குடிநீர் ஏரி, காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிடு. மார்கழியில் நீர்மேல் பனி நிற்பதை எடுக்க அங்கே போ. ரெட்டேரியில் தாழைக்கோழியும் இலைக்கோழியும் பக்கத்திலேயே மேயும். பழவேற்காட்டுப் பூநாரைகள் ஃபோனுக்கு எட்டாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. போகிக் காலையில் எங்கும் போகாதே, நகரமே புகை.

முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவுபவர்கள் இருப்பார்கள். தூரத்திலிருந்து திருடி எடுக்காதே. கரைக்கு வரும்வரை காத்திருந்து, "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேள். சரி என்றால் எடுத்துக் காட்டு, அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. நீர் எப்போது இறங்கும் என்பதை எந்த அட்டவணையையும்விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

ஞாயிறு போய்விட்டு, கம்பத்துப் படத்தை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்