கிழக்கின் உள்ளூராட்சி சபைகளுக்கு: மலேரியா திரும்பி வர இடம் வைக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர முதல்வர்கள், நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். டெங்கு வந்தால் சபைகள் முழு மூச்சாக இறங்குகின்றன, அதற்கு நன்றி. ஆனால் மலேரியாவை எல்லோரும் மறந்துவிட்டோம் என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவவில்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழும் தந்தது. இந்த நாடு முன்பும் ஒருமுறை இந்த இடம்வரை வந்ததுதான்: 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள். கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறிவிட்டது.

நோய் எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தால், எங்கே மறிக்கலாம் என்பதும் தெரியும். மலேரியாக்காரரின் இரத்தத்தைக் குடித்த அனோபிலிஸ் நுளம்பு மறுநாளே நோயைப் பரப்பாது. இரத்தத்தோடு போன ஒட்டுண்ணி நுளம்பின் குடலில் கருவுற்று, குடற்சுவரைத் துளைத்து, அதன் வெளிப்பக்கத்தில் சிறு கட்டியாகத் தங்கும். கட்டி வெடிக்கும்போது ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள், மெல்லிய வளைந்த உயிர்கள், உடற்குழித் திரவத்தில் கலந்து எங்கும் ஓடும். ஆனால் அவை பிழைத்து மனிதரிடம் வரவேண்டுமென்றால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்தே ஆகவேண்டும். நெஞ்சுப் பகுதியில் சோடியாக இருக்கும் அந்தச் சுரப்பி ஒவ்வொன்றுக்கும் மூன்று மடல்கள். பக்க மடல்களின் நுனிப்பகுதியிலும் நடு மடலிலுமே பெரும்பாலும் புகுகின்றன. மேலுறைப் புரதங்களால் சுரப்பியைப் போர்த்திருக்கும் மென்படலத்தைப் பற்றி, சுரப்பிக் கலத்தை ஊடுருவி, உமிழ்நீர் தேங்கும் குழிக்குள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். புறப்பட்டவற்றில் சிறு பங்குதான் அங்கே சேரும். சேர்ந்தவை அந்த நுளம்பு சாகும்வரை அங்கேயே இருக்கும். அதன்பின் அது கடிக்கும் கடியெல்லாம் ஆபத்து. 1898இல் ரொனால்ட் ரோஸ் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து இந்தச் சுரப்பிவரை தொடர்ந்து போனபோதுதான், நோய் கடியால் பரவுகிறது என்பது உறுதியானது.

நுளம்புக்குள் ஒட்டுண்ணியின் இந்தப் பயணத்துக்கு நம் வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பெரும்பாலான நுளம்புகள் அதற்குள் செத்துப்போகும். தப்பும் சிலவற்றால்தான் நோய் பரவுகிறது. ஆகவே நாம் செய்யக்கூடியவை இரண்டு: நுளம்புக்குக் கிடைக்கும் முன்பே நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது, நுளம்பு பெருகும் நீரை ஒழிப்பது.

இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2018 டிசம்பரில் அம்பாறைக்குப் பக்கத்து மாவட்டமான மொனராகலையில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. விரைந்து பிடித்ததால் அதோடு நின்றது. நம்மிடமும் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் கட்டட வேலைத்தளங்கள் உண்டு. இந்தியாவுக்கு யாத்திரை போய் வருவோர் உண்டு, ஆபிரிக்க நாடுகளில் வேலை செய்து திரும்புவோரும் உண்டு.

இன்னொரு புதுக் கவலை அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்தியாவில் நகர மலேரியாவைப் பரப்பும் இந்த இனம் 2017இல் மன்னாரில் பதிவானது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும், உவர் கலந்த நீரையும் தாங்கும். சுனாமிக்குப் பின் ஆட்கள் பெயர்ந்துபோன கரையோர வளவுகளில் பாழடைந்து கிடக்கும் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் நிலைமை வேறு. ஆறு வற்றும் காலத்தில் மணலில் தேங்கும் குட்டைகள் இங்கே முன்பு மலேரியாவைப் பரப்பிய நம் பழைய எதிரியான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் இனத்துக்குப் பிடித்த இடம். புகையடிப்பதால் இவை எதுவும் தீராது.

சபைகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. கைவிடப்பட்ட கிணறுகளைக் கணக்கெடுத்து மூடுங்கள், அல்லது நுளம்பின் குடம்பிப் புழுக்களைத் தின்னும் மீன் விடுங்கள். மேல்நிலைத் தாங்கிகளுக்கு இறுக்கமான மூடி இல்லாமல் கட்டட அனுமதி கொடுக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்திருக்கும் ஒப்பந்தகாரர் அந்தத் தகவலைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வெளிநாடு போய் வந்து காய்ச்சல் கண்டால் மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லி, பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் எழுதி ஒட்டுங்கள். மலேரியா தடை இயக்கத்தின் களப் பணியாளர் நுளம்பு பிடிக்க ஊருக்குள் வந்தால் வாகனமும் ஆள் உதவியும் கொடுங்கள். நுண்காட்டியின் கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அரிதானவர்கள், அந்தக் கைகள் சும்மா இருந்தால் நமக்குத்தான் நட்டம்.

ஐப்பசி மழைக்கு முந்திய மாதாந்தக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் அழைத்து, கிணற்றுக் கணக்கெடுப்புக்கு ஒரு திகதி குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு உயிரியல் ஆசிரியர் ஒருவர்