சர்வர் ஆஃப் ஆனா உடனே எஸ்எம்பிஎஸ் மாத்தாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில கோடம்பாக்கம் வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கப் போன இடத்துல "சர்வர் ஆஃப் ஆயிடுச்சு, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்களாம், பழைய மெஷினை வச்சுகிட்டு ஏன் ஜனங்களை அலைய விடறாங்க, புதுசு வாங்கக் கூடாதான்னு கேட்டிருந்தாரு. கோவம் நியாயம்தான். ஆனா புதுசு வாங்கினா சரியாயிடும்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் இடிக்குது. சின்ன ஆபீஸ், கிளினிக், ஸ்கூல்னு சென்னையில பல இடத்துக்கு சர்வர் ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட் பாக்கற ஆளு நான், லட்ச ரூபா குடுத்து வாங்கின புது மெஷினும் அதே ரூம்ல அதே மாதிரி படுத்துக்கறதை நிறைய பாத்தாச்சு.

தானா ஆஃப் ஆன சர்வர்ல முதல்ல கேக்க வேண்டியது, இதை ஆஃப் பண்ணது யாருன்னுதான். விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓஎஸ்ஸே முறையா ஷட்டவுன் ஆச்சா, வெளியில இருந்து வர்ற கரண்டு நின்னுச்சா, சூடு தாங்காம மெஷினே நிறுத்திக்கிச்சா, இல்ல யாராவது பட்டனை அமுக்கினாங்களா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா தடயம் விட்டுட்டுதான் போகும், நாமதான் அதை பாக்காம பட்டனை அமுக்கி ஆன் பண்ணிட்டு அடுத்த வேலைக்குப் போயிடறோம்.

விண்டோஸ் சர்வர்னா ஈவென்ட் வியூவர்ங்கற ப்ரோக்ராம்ல சிஸ்டம் லாக்கை, அதாவது மெஷின் தானா எழுதி வைக்கற டைரியைத் திறந்தா போதும். 1074ன்னு ஒரு நம்பர் இருந்தா யாரோ, இல்ல ஏதோ ஒரு ப்ரோக்ராம் முறைப்படி ஷட்டவுனோ ரீஸ்டார்ட்டோ குடுத்திருக்குன்னு அர்த்தம், எந்த யூசர், எந்த ப்ரோக்ராம்னு பேரோட இருக்கும், அப்டேட் போட்டுட்டு அதுவா ரீஸ்டார்ட் ஆனதும் இதுலயே மாட்டிக்கும். 1074 இல்லாம 6008ம் 41ம் மட்டும் இருந்தா திடீர்னு நின்னிருக்கு. இதுல 41க்கு பக்கத்துல கெர்னல் பவர்னு போட்டிருக்கும், அதைப் பாத்துட்டு "பவர்னு போட்டிருக்கே, அப்ப எஸ்எம்பிஎஸ் போச்சு"ன்னு, அதாவது சர்வருக்குள்ள இருக்கற பவர் சப்ளை போச்சுன்னு முடிவு கட்டற ஆளுங்க எங்க ஃபீல்டுல ஏராளம். 41ங்கறது மெஷின் திரும்ப ஆன் ஆனப்புறம் எழுதற வரி, போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், ஏன்னு பெரும்பாலும் தெரியாது. லினக்ஸ்னா எப்ப ஆன், எப்ப ஆஃப்னு காட்டற லாஸ்ட்ங்கற கமாண்டும், இதுக்கு முன்னாடி ஓடினப்ப எழுதின ஜர்னல்ங்கற லாக்கும் பாக்கணும், ஆனா சில இன்ஸ்டலேஷன்ல ஜர்னல் ரேம்லயே இருக்கும், ரீஸ்டார்ட் ஆனா போயிடும், அதை டிஸ்க்ல சேவ் ஆகற மாதிரி முன்னாடியே மாத்தி வைக்கணும்.

இதுக்கும் மேல ஒரு சாட்சி இருக்கு. டெல்லுல ஐடிராக், எச்பில ஐஎல்ஓ, பொதுவா பிஎம்சின்னு சொல்லுவோம், மதர்போர்டுலயே இருக்கற குட்டி கம்ப்யூட்டர். சர்வர் ஆஃப்ல இருந்தாலும் ப்ளக்ல கரண்டு இருக்கற வரைக்கும் அது முழிச்சுகிட்டு டெம்பரேச்சர், ஃபேன், பவர் சப்ளை எல்லாத்தையும் தனியா எழுதி வச்சுக்கும். இதைத் திறந்தே பாக்காத ஆபீஸ்தான் அதிகம், பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க.

ஒரு இடத்தைப் பத்தி சொல்றேன், பேரு வேணாம், அதுவும் ஒரு லேப்தான். மதியம் ஆனா சர்வர் ஆஃப். ரூம்ல லைட்டு எரியுது, யுபிஎஸ் ஓடுது, நெட்வொர்க் ஸ்விட்ச் மின்னிகிட்டு இருக்கு, சர்வர் மட்டும் செத்துக் கிடக்கு, அப்ப சர்வர் மேலதானே சந்தேகம் வரும்? எனக்கு முன்னாடி போனவர் ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடி எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிட்டாரு, அப்புறமும் ஆஃப். ரத்தம் டெஸ்ட் பண்ற இடத்துலயே டெஸ்ட் எடுக்காம நேரா ஆபரேஷன் பண்ணின கதை. நான் போய் லாக்கைப் பாத்தா விண்டோஸ் மதியம் 2:42க்கு நின்னதா சொல்லுது, பிஎம்சில காலைல 9:13க்கு அதுவே புதுசா ஸ்டார்ட் ஆன மாதிரி ஒரு வரி. ரெண்டும் வேற வேற சம்பவம்னு நினைச்சா வேலை கெட்டுது, பிஎம்சி கடிகாரம் யுடிசிங்கற உலகப் பொது நேரத்துல ஓடுது, நம்ம டைமுக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டினா 2:43. குட்டி கம்ப்யூட்டருக்கே கரண்டு நின்னிருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸும் புதுசு, அப்ப கோளாறு டப்பாவுக்கு வெளியில. சந்தேகத்துக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் எவ்ளோ நேரமா ஓடுதுன்னு பாத்தேன், அதுவும் அதே 2:43ல இருந்துதான் ஓடுது.

அப்புறம் யுபிஎஸ் பக்கம் போனேன். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, சும்மா மல்டிமீட்டர் வச்சா 12.7 காட்டுது, "பேட்டரி நல்லா இருக்கு சார், செக் பண்ணிட்டோம்"னு அவங்க சொன்னதும் பொய் இல்ல. ஆனா லோடு குடுத்துட்டு மீட்டரைப் பாத்தா சரசரன்னு பத்துக்குக் கீழ இறங்குது. பின்னாடி குனிஞ்சு பாத்தா ஸ்பைக் பஸ்டர் வழியா ரிப்போர்ட் அடிக்கற லேசர் பிரிண்டரும் அதே யுபிஎஸ்ல. லேசர் பிரிண்டர்ல பேப்பர் மேல டோனர் பவுடரை உருக்கி ஒட்டற ஹீட்டர் இருக்கு, அது சூடாகும்போது சட்டுன்னு பல நூறு வாட் இழுக்கும், அதனாலதான் யுபிஎஸ்ல மாட்டாதீங்கன்னு யுபிஎஸ் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. மதியம்தான் அங்க ரிப்போர்ட் கட்டுக் கட்டா பிரிண்ட் ஆகும், அந்த நேரம் பாத்து மெயின்ஸ் கண் சிமிட்டற மாதிரி ஒரு தடவை விட்டாலும் மொத்த பாரமும் வத்திப்போன பேட்டரி மேல வந்து விழும், அது ரெண்டு செகண்ட் கூட தாங்காது. மெயின்ஸ் வந்ததும் யுபிஎஸ் தானா எழுந்துக்கும், ஸ்விட்ச்சும் எழுந்துக்கும், சர்வர் மட்டும் எழுந்துக்காது, ஏன்னா பயாஸ்ல, அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை ப்ரோக்ராம்ல, கரண்டு போய் வந்தா என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்கு, அது ஆஃப்லயே இருன்னு வச்சிருந்தாங்க. அவ்ளோதான் மர்மம். பேட்டரி மாத்தி, பிரிண்டரை சுவத்து ப்ளக்குக்கு மாத்தினதும் சர்வர் ஆஃப் ஆகறது நின்னுடுச்சு.

காலைல வந்து பாத்தா சர்வர் ஆஃப், ஆனா கரண்டு இருக்கேங்கற கேஸ்ல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இந்த செட்டிங்தான். அங்க லாக் பாக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற வாட்ச்மேன் அண்ணனை "ராத்திரி கரண்ட் போச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா பாதி விடை கிடைச்சுடும்.

சூடு விஷயம் வேற. சர்வருக்குள்ள போற காத்து 18ல இருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஏசி இன்ஜினியர்களோட அமெரிக்க சங்கமான ஆஷ்ரே பரிந்துரை, நம்மூர்ல அக்னி நட்சத்திரத்துல ஆபீஸ் முடிஞ்சதும் ஏசியை நிறுத்திட்டு கதவைப் பூட்டிட்டுப் போனா அந்த ரூம் என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். ஆனா சூடுன்னா ப்ராசஸர் முதல்ல தன் வேகத்தைக் குறைச்சுக்கும், அப்பவும் தாங்கலன்னாதான் நிக்கும், அதுக்கு முன்னாடியே பெரும்பாலும் பிஎம்சில டெம்பரேச்சர் வார்னிங் வரிசையா விழுந்திருக்கும். அந்த வரிகள் இல்லாம வெறுமனே "ஹீட் ஆயிடுச்சு சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அதே சூடு யுபிஎஸ் பேட்டரியை சத்தமில்லாம தின்னுடும், 25 டிகிரில மூணு நாலு வருஷம் உழைக்கற பேட்டரி 35 டிகிரில பாதிதான் வரும்.

என் சக டெக்னீஷியன்களுக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல, ஒண்ணு சொல்லிடறேன். சர்வர் ஆஃப் ஆச்சுன்னு கூப்பிட்டா நாங்க குடுக்கற சர்வீஸ் ரிப்போர்ட்ல "ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, செக்டு ஓகே"ன்னு இருக்கும், நீங்களும் சீல் வச்சு கையெழுத்துப் போட்டுடுவீங்க. என்ன செக் பண்ணாங்க, எது ஓகே? ஏஎம்சி ரினியூ பண்ணும்போது ரேட்டுக்கு பேரம் பேசற ஓனருங்க அப்படியே ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் போடச் சொல்லுங்க, எந்த லாக்ல எந்த நேரத்துல என்ன இருந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னே எழுதட்டும், அடுத்த தடவை ஆஃப் ஆகும்போது ஒப்பிட்டுப் பாக்க அதாவது இருக்கும். ரெண்டு பவர் சப்ளை இருக்கற சர்வர்னா ரெண்டு பவர் கேபிளும் ஒரே யுபிஎஸ்லயா போகுதுன்னும் பாக்கச் சொல்லுங்க, காசு குடுத்து ரெண்டு வாங்கிட்டு ஒரே இடத்துல மாட்டி வச்சிருக்கறதை வாராவாரம் பாக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் டெக்னீஷியன்,
மேற்கு மாம்பலம், சென்னை