வேப்பம்பூத் தேனும் புளியம்பூத் தேனும்

தாயி, நல்லா இருக்கியா, மாப்பிள்ளையும் பாப்பாவும் சொகந்தானா. இன்னைக்கு மதியம் கொரியர் போட்டாச்சு, உள்ள ரெண்டு பாட்டில் இருக்கு, ஒண்ணு வேப்பம்பூத் தேன், ஒண்ணு புளியம்பூத் தேன், எது எதுன்னு உங்கம்மா எழுதி ஒட்டியிருக்கா. ரெண்டையும் ஒண்ணா ஊத்திறாத. போன்ல சொன்னா பாப்பா அழுகுறா அப்புறம் பேசுறேன்னு வச்சுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

போன வருஷத் தேன் பெங்களூர்க் குளிர்ல கட்டிப் போச்சு, கலப்படமோன்னு மாப்பிள்ளை கேட்டாருன்னு சொன்னேல்ல. அது கலப்படமே இல்ல தாயி. தேன்ல இருக்குற குளுக்கோஸ் குளிருக்கு உறையத்தான் செய்யும், சில பூவோட தேன் சீக்கிரம் உறையும், சிலது ரொம்ப நாளைக்கு அப்படியே கெடக்கும். பாட்டில வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் வச்சா எளகிரும், அடுப்புல மட்டும் ஏத்திறாத, வாசமே போயிரும். தண்ணில விட்டுப் பாக்குறது, பேப்பர்ல தொட்டுப் பாக்குறது, தீக்குச்சில தடவிக் கொளுத்துறது, இதெல்லாம் வச்சு ஒரு தேன நல்லதுன்னும் சொல்ல முடியாது கெட்டதுன்னும் சொல்ல முடியாது. யாரு எடுத்தா, எப்ப எடுத்தா, எப்படி எடுத்தான்னு தெரிஞ்சாத்தான் நம்பலாம், அதனால அதச் சொல்லிர்றேன்.

சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் மலைக்குத் திரும்புன பெறகு மொதத் தேன் எடுத்தோம். அப்ப நம்ம பக்கம் பூராம் வேம்பு பூத்துக் கொட்டிக் கெடந்துச்சு, கூடவே புங்கமும். தேனீப் பெட்டி மேல இருக்குற தேன் அறையத் தூக்குனப்பவே கனம் தெரிஞ்சுச்சு, ஆனா கனத்த மட்டும் நம்பி எடுக்கக் கூடாது, அடையில முக்காவாசிக்கு மேல தேனீங்க வெள்ளை மெழுகு வச்சு மூடியிருக்கணும். மூடாத தேன்ல தண்ணி ஜாஸ்தி, பாட்டில்ல அடைச்சா புளிச்சு நொரை தள்ளிரும். அதுக றெக்கையால விசிறி விசிறித் தண்ணிய வத்த வச்சு, பதம் வந்துருச்சுன்னு தெரிஞ்ச பெறகுதான் மூடும், அவசரப்பட்டு அதுக்கு முந்திக் கைய வைக்கிறது எனக்குப் புடிக்காது.

தேங்கா மட்டையப் பத்த வச்சு சன்னமாப் புகை காட்டி, அடை கட்டியிருக்குற மரச் சட்டத்துல ஒட்டியிருந்த தேனீங்களத் தள்ளிவிட்டுட்டு, சட்டத்த வீட்டுக்குள்ள கொண்டு வந்து கதவச் சாத்திக்கிட்டோம், தேன் வாசம் வெளிய போச்சுன்னா அம்புட்டுத் தேனீயும் உள்ள வந்துரும். வெந்நில முக்குன கத்திய அடை மேல இழுத்தா மூடியெல்லாம் பாலாடை மாதிரி சுருண்டு வரும், அடியில ஒவ்வொரு கண்ணுலயும் தேன் தளும்பி நிக்கும். அந்த மெழுக வாயில போட்டு மென்னு பாக்கணும் தாயி, தேனோட ருசி அங்கதான் முழுசா இருக்கு, பாட்டில்ல அடைச்சு அனுப்புறதுல அதுல கொஞ்சம் கொறஞ்சுதான் வரும். அப்புறம் சட்டத்தத் தேன் பிரிக்கிற மெஷின்ல வச்சு மொதல்ல மெதுவாத்தான் சுத்தணும், வேகமாச் சுத்துனா அடை ஒடஞ்சிரும். தேன் தகரத்துல சடசடன்னு அடிக்கும். தேன் போன அடைய அப்படியே பெட்டிக்குத் திருப்பிக் குடுத்துட்டோம், புதுசா மெழுகு செய்யணும்னா அதுக பல மடங்கு தேனத் தின்னாகணும், பாவம்.

அடி அறைப் பக்கம் நான் போறதே இல்ல, ராணி முட்டை வைக்கிறதும் புழு வளர்றதும் அங்கதான். 1991, 92ல தாய் சேக்புரூட்னு ஒரு வைரஸ் வந்து புழு புழுவாச் செத்து, தென்னாட்டுல பெட்டியில வளக்குற நம்ம அடுக்குத் தேனீக் கூட்டம் பெரும்பகுதி அழிஞ்சு போச்சு, இன்னைக்கு இதுக இருக்குறதே பெருசு. ஐப்பசி கார்த்திகை மழையில வெளிய போக முடியாம கெடக்கும், அப்ப சீனிப்பாகு வச்சுக் காப்பாத்துறோம், அந்த நேரத்துல ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்.

புளியம்பூத் தேன் இப்ப ஆனியில எடுத்தது. நாலுவழிச்சாலை போட்டப்ப ரோட்டோரப் புளியமரம் எம்புட்டோ போச்சு, நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது, மிச்சம் கெடக்குற மரத்துல வந்த தேன்தான் இது. சிவப்பு ஏறி இருக்கும், நாக்கு ஓரத்துல லேசாப் புளிப்புத் தட்டும். வேப்பம்பூ அப்படி இல்ல, மொதல்ல இனிப்பா இருக்கும், முழுங்குன பெறகு தொண்டையில சன்னமா ஒரு கசப்பு நிக்கும், எனக்கு அந்தக் கசப்புக்காகவே அதுதான் புடிக்கும். காலைல காப்பிக்கு முந்தி புளியம்பூத் தேன ஒரு தொடு தொட்டுப் பாத்துட்டு, தண்ணி குடிச்சுட்டு அப்புறம் வேப்பம்பூவத் தொட்டுப் பாரு.

இது ரொம்ப முக்கியம், நல்லாக் கேட்டுக்க. பாப்பாவுக்கு ஒரு வயசு முடியுற வரைக்கும் நாக்குல ஒரு சொட்டு கூட வச்சிறாத. பொறந்த புள்ளைக்குச் சேனை வைக்கிறப்ப நாக்குல தேன் தொட்டு வைக்கிறது நம்ம பக்கத்து வழக்கம்தான், உனக்கும் உங்க அப்பத்தா வச்சாக, இல்லன்னு சொல்லல. ஆனா எம்புட்டு சுத்தமான தேனா இருந்தாலும் பாட்டுலிசம்ங்கிற நோயக் குடுக்குற கிருமியோட வித்து அதுல இருக்கலாம், பெரியவங்க வயிறு அத அடக்கிரும், பச்சப்புள்ள கொடல்ல அது மொளச்சு விஷமாயி கை கால் தொவண்டு மூச்சுக்கே ஆபத்தாயிரும், வீட்டுல காய்ச்சுனாலும் சாகாது. சம்பந்தியம்மா ஆசையாக் கேட்டாங்கன்னா நான் சொன்னேன்னு சொல்லு. தையில பொறந்தநாள் முடியட்டும், அப்புறம் நானே வந்து ஊட்டி விடுறேன்.

ஈரக் கரண்டி போடாத, பிரிட்ஜுல வைக்காத, அடுப்புக்குத் தள்ளி வெயில் படாத எடத்துல மூடிய இறுக்கி வச்சா போதும். மாப்பிள்ளை வெந்நில கலந்து குடிக்கிறவரு, தண்ணி கொஞ்சம் ஆறுன பெறகு ஊத்தச் சொல்லு.

அப்பா